தேனீயின் முதுகில் ஒரு துளி

“அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு” என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் வாழ்ந்த பாரசெல்சஸ் என்னும் மருத்துவரும் இதனையொத்த கருத்தையே கூறினார். எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு. அளவே ஒன்றை நஞ்சாக்குகிறது என்பது அவர்தம் துணிபு. ஆயினும், ‘அளவு’ என்று பொதுப்படச் சொல்லிவிடுதல் எளிது. எந்தப் பொருள், எந்த உயிருக்கு, எவ்வளவு என்று எண்ணிட்டுச் சொல்லுதல் அரிது. அந்த அரிய பணியை விஞ்ஞானம் கற்றுத் தேர்ந்த வரலாற்றில் தேனீக்குத் தனியிடம் உண்டு.

தேனீ மனிதனுக்குத் தேனும் மெழுகும் தருவதோடு நின்றுவிடுவதில்லை. ஆப்பிள், பாதாம், சூரியகாந்தி, குதிரைமசால் முதலிய பயிர்கள் காய்ப்பதற்கும் விதை பிடிப்பதற்கும் அது செய்யும் மகரந்தச் சேர்க்கை பெருந்துணையாகிறது. அதே வயலில் பயிரைத் தின்றழிக்கும் பூச்சிகளும் வாழ்கின்றன. அவற்றை ஒழிக்க உழவன் தெளிக்கும் நஞ்சோ, பகைவன் யார், நண்பன் யார் என்று பார்ப்பதில்லை. ஆகவே, ஒரு பூச்சிக்கொல்லியை விற்பனைக்கு விடுமுன், அது தேனீயின் உடலிற்பட்டால் என்ன நேரும் என்பதை ஆராய்ந்தறிதல் இன்று பல நாடுகளில் விதியாகியுள்ளது. இவ்விதி ஒரே நாளில் தோன்றியதன்று. தேனீ வளர்ப்போர் அடைந்த இழப்புகளும் அறிஞர் பலரின் உழைப்பும் அதன் பின்னே நிற்கின்றன. அவ்வரலாற்றைக் கற்போர், ஓர் எண் எவ்வாறு பிறக்கிறது என்பதையும், அந்த எண்ணை எதுவரை நம்பலாம் என்பதையும் ஒருங்கே அறியலாம்.

ஆர்சனிக் ஆட்சி செய்த காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க உழவர்கள் உருளைக்கிழங்குச் செடியை அழித்த கொலராடோ வண்டினால் பெரிதும் அல்லலுற்றனர். அதனை ஒழிக்க அவர்கள் கையாண்டது ‘பாரிஸ் பச்சை’ எனப்பட்ட செம்பும் ஆர்சனிக்கும் கலந்த பொருள். 1892இல் ஈய ஆர்சனேட் என்னும் நஞ்சும் களத்திற்கு வந்தது. இவை யாவும் உண்நஞ்சுகள். இலையைத் தின்னும் புழு, இலையோடு சேர்த்து நஞ்சையும் விழுங்கி மடியும். தேனீ இலையைத் தின்பதில்லை. ஆதலால் அதற்குக் கேடில்லை என்று வாதிட்டோரும் அந்நாளில் இருந்தனர்.

ஆயின், தேனீ வளர்ப்போர் கண்டது வேறு. பூத்து நின்ற பழமரங்களுக்கு நஞ்சு தெளிக்கப்பட்டபின் அவர்தம் பெட்டிகளின் வாயிலில் தேனீக்கள் குவியல் குவியலாக இறந்து கிடந்தன. தோட்டக்காரர்களுக்கும் அவர்களுக்கும் இடையே நெடிய வழக்கு மூண்டது. ஒஹாயோ மாநிலத்து வேளாண்மை ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த வெப்ஸ்டர் என்பார் 1890களில் இதனை ஆய்வு செய்து, பூக்காலத்தில் ஆர்சனிக் தெளித்தல் தேனீக்களைக் கொல்லும் என்று காட்டினார். நூற்றாண்டு முடிவதற்குள் நியூயார்க் உள்ளிட்ட சில மாநிலங்கள் பூத்த மரங்களுக்கு நஞ்சு தெளித்தலைத் தடுக்கும் சட்டம் இயற்றின.

பூத்த மரத்திற்குத் தெளிக்கலாகாது என்னும் இச்சட்டத்திற்கு எண் எதுவும் தேவைப்படவில்லை. நஞ்சுகள் சிலவாகவும், தெளிக்கும் கருவிகள் எளியனவாகவும் இருந்தவரை அது போதுமானதாயிருந்தது. 1921இல் ஒஹாயோவில் முதன்முறையாக விமானத்திலிருந்து ஈய ஆர்சனேட் தூள் தூவப்பட்டது. தொடர்ந்து பருத்தி வயல்களின்மீது கால்சியம் ஆர்சனேட் தூள் வானிலிருந்து பொழியலாயிற்று. காற்றில் மிதந்த தூள் வயலின் வரப்பை மதிக்கவில்லை. தன் நிலத்தில் நஞ்சே தெளியாத ஒருவனுடைய தேனீக்களும் மடிந்தன. பழைய விதி வலுவிழக்கத் தொடங்கிற்று.

பாதி என்னும் அளவுகோல்

இதே காலப்பகுதியில், தேனீயோடு தொடர்பே இல்லாத ஆய்வுக்கூடங்களில் நஞ்சை அளக்கும் கணக்கு உருவாகிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் வெல்கம் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ட்ரெவன் என்னும் அறிஞர் மருந்துகளின் வீரியத்தை அளப்பதில் ஈடுபட்டிருந்தார். அதுவரை ஆய்வாளர்கள் ‘கொல்லக்கூடிய மிகக்குறைந்த அளவு’ எது என்றே தேடிவந்தனர். அவ்வளவு ஒவ்வொரு முறையும் மாறிற்று. ஏனெனில், அது கூட்டத்திலுள்ள மிக நலிந்த ஓர் உயிரைப் பொறுத்து அமைந்தது. 1927இல் ட்ரெவன் வேறொரு வழியைக் காட்டினார். கூட்டத்தில் சரிபாதியைக் கொல்லும் அளவைக் காணவேண்டும் என்பதே அவ்வழி.

பள்ளி வாழ்வில் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ஒரு வகுப்பில் முதல் மாணவன் பெறும் மதிப்பெண்ணும் கடைசி மாணவன் பெறும் மதிப்பெண்ணும் ஆண்டுக்காண்டு பெரிதும் மாறக்கூடும். நடுவில் நிற்கும் மாணவனின் மதிப்பெண் அத்துணை எளிதில் மாறுவதில்லை. வகுப்பின் பொதுத் தரத்தை அறிய விரும்பும் ஆசிரியர் அந்த நடுவையே நோக்குவார். ட்ரெவன் கண்ட ‘பாதிக் கொல்லளவு’ம் அத்தகையதே. ஒரு கூட்டத்தின் பொதுத் தாங்குதிறனை அது காட்டும். பாதி உயிர்கள் பிழைத்தன என்பதால் அந்த அளவு தீங்கற்றது என்று கொள்ளுதல் பெரும்பிழை. அது ஓர் அளவுகோலேயன்றிப் பாதுகாப்பின் எல்லைக்கோடு அன்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கூண்டில் அடைக்கப்பட்ட பூச்சிகளில் சில, நஞ்சே படாமலும் இறக்கும். அவற்றின் இறப்பை நஞ்சின் கணக்கில் சேர்த்தல் முறையாகாது. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த அபட் என்பார் 1925இல் இதற்கொரு வாய்பாடு வகுத்தார். நஞ்சிடாத நூறு பூச்சிகளில் 10 இறந்து 90 பிழைத்தன எனவும், நஞ்சிட்ட நூறில் 55 இறந்து 45 பிழைத்தன எனவும் கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்ப்போர் நஞ்சு 55 விழுக்காட்டைக் கொன்றது என்பர். அபட்டின் கணக்குப்படி, பிழைத்திருக்க வேண்டிய 90இல் 45 மட்டுமே பிழைத்தன. ஆகவே நஞ்சின் உண்மையான விளைவு 50 விழுக்காடு. எளிய இவ்வாய்பாடு நூறாண்டு கடந்த பின்னும் ஆய்வுக்கூடங்களில் வழக்கில் உள்ளது.

பின்னர், 1934இல் பிளிஸ் என்னும் அமெரிக்க அறிஞர், அளவு கூடக்கூட இறப்பு எவ்வாறு கூடுகிறது என்பதைக் காட்டும் வளைகோட்டை நேர்கோடாக்கிக் கணிக்கும் முறையைத் தந்தார். 1947இல் ஃபின்னி என்னும் ஆங்கிலேயப் புள்ளியியலறிஞர் அம்முறையை விரிவான நூலாக்கினார். இவ்வாறாக, தேனீயை ஆராய்வதற்குரிய கணக்கு தேனீயை நினையாமலே ஆயத்தமாயிற்று.

தொட்டாற் கொல்லும் நஞ்சு

1939இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், கைகி நிறுவனத்தில் பணியாற்றிய பால் முல்லர், டிடிடி என்னும் பொருளின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். 1874இலேயே ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பட்டிருந்த அப்பொருளின் ஆற்றல் 65 ஆண்டுகள் எவர்க்கும் தெரியாமற் கிடந்தது. பூச்சி அதனை உண்ணவேண்டியதில்லை. நஞ்சு பூசிய பரப்பில் நடந்தாலே போதும். இக்கண்டுபிடிப்பிற்காக முல்லர் 1948இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு பெற்றார். தொடுநஞ்சுகள் அதற்கு முன்னும் இல்லாமலில்லை. சாமந்தி இனத்துப் பூவொன்றிலிருந்து எடுக்கப்பட்ட பைரெத்ரம் அத்தகையதே. ஆயின், அது வெயிலிற்பட்டு விரைவில் சிதைந்துவிடும். டிடிடியோ நெடுநாள் நின்று கொன்றது.

பூச்சியின் உடலைச் சுற்றி மெழுகு பூசினாற்போன்ற மேல்தோல் ஒன்று உண்டு. நீர் அதனூடே எளிதில் நுழையாது. கொழுப்பில் கரையும் பொருளுக்கோ அது திறந்த கதவாகிறது. கால்வழியாகவும் உடல்வழியாகவும் உட்புகும் நஞ்சு நரம்புகளைத் தாக்குகிறது. இரண்டாம் உலகப்போரையொட்டி ஜெர்மனியில் உருவான பாரத்தியான் முதலிய பாஸ்பரஸ் வகை நஞ்சுகளும் இவ்வழியே கொல்வன. தேனீயைப் பொறுத்தவரை அவை டிடிடியைக் காட்டிலும் பன்மடங்கு கொடியன.

இப்போது தேனீக்கு நேரும் இடர் மூன்று வழிகளில் பெருகிற்று. தெளிக்கும் நேரத்தில் வயலின்மேற் பறக்கும் தேனீயின்மீது துளி நேரே விழலாம். தெளித்து முடிந்த வயலில் இலையிலும் மலரிலும் நடக்கும் தேனீயின் காலில் எச்சம் ஒட்டலாம். மகரந்தம் சேர்ப்பதற்கென்றே அமைந்த அதன் உடல் மயிர்கள் நஞ்சுத் தூளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்காண்டு புதுப்புது நஞ்சுகள் சந்தைக்கு வந்த நிலையில், உழவனும் தேனீ வளர்ப்போனும் கேட்ட வினா ஒன்றே: இவற்றுள் எது எத்துணைக் கொடியது?

ரிவர்சைடும் ரோதம்ஸ்டெட்டும்

இவ்வினாவிற்கு விடைகாண முனைந்தோருள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த ஆண்டர்சன், அட்கின்ஸ் என்னும் இருவர் குறிப்பிடத்தக்கவர். பழத்தோட்டங்களும் பருத்தி வயல்களும் தேனீப் பெட்டிகளும் அடுத்தடுத்து அமைந்த மாநிலம் கலிபோர்னியா. அங்கே 1950களில் தொடங்கிய அவர்தம் ஆய்வு முப்பதாண்டு காலம் தொடர்ந்து, நூற்றுக்கணக்கான நஞ்சுகளை வரிசைப்படுத்திற்று. மணிபோன்ற கண்ணாடிக் கலத்தினுள் தேனீக்களின்மீது நஞ்சுத் தூளைச் சீராகப் படியவைத்து இறப்பை எண்ணுவது அவர்கள் கையாண்ட முறை.

அவர்கள் செய்த பகுப்பு எளியது. ஒரு தேனீக்கு 2 மைக்ரோகிராமுக்கும் குறைவாகவே பாதிக் கொல்லளவு உடைய நஞ்சு மிகக் கொடியது. 2 முதல் 11 மைக்ரோகிராம் வரை வேண்டுவது நடுத்தரமானது. 11 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் வேண்டுவது ஏறத்தாழத் தீங்கற்றது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனமும் இப்பகுப்பையே ஏற்றுக்கொண்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ஜோஹான்சன் என்பார் வேறொரு கோணத்தில் நோக்கினார். நஞ்சு தெளித்த இலைகளைக் குறித்த நேரங்களில் பறித்து, அவற்றோடு தேனீக்களைக் கூண்டிலடைத்து, எச்சம் எத்தனை மணிநேரம் கொல்லும் ஆற்றலுடன் நிற்கிறது என்று அளந்தார். மாலையில் தெளித்தால் மறுநாட் காலைக்குள் தணியும் நஞ்சு எது, பல நாள் நின்று கொல்லும் நஞ்சு எது என்பதை உழவர்கள் இதனால் அறிந்தனர்.

இங்கிலாந்தில் 1843இல் நிறுவப்பட்ட ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஸ்டீவன்சன் என்பார் தனித்தனித் தேனீயின் உடலில் அளந்த துளியை இடும் முறையைக் கையாண்டு, 1968லும் 1978லும் தம் முடிவுகளை வெளியிட்டார். தூள் படியும்போது ஒரு தேனீயின்மீது எவ்வளவு படிந்தது என்பதைக் கணித்தறிய வேண்டும். துளியிடும்போதோ அவ்வளவு முன்னரே தெரிந்தது.

நாட்டுக்கு நாடு முறை வேறுபட்டால் முடிவுகளை ஒப்பிட இயலாது. ஆகவே, முறைகளை ஒன்றுபடுத்தும் நோக்குடன் 1980இல் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் அறிஞர்கள் கூடினர். ஐரோப்பியப் பயிர்ப்பாதுகாப்பு அமைப்பு 1992இல் தன் வழிகாட்டியை வெளியிட்டது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 1998இல் தேனீக்கான இரு நெறிமுறைகளை ஏற்றது. 213ஆம் நெறிமுறை வாய்வழி நஞ்சையும், 214ஆம் நெறிமுறை தொடுநஞ்சையும் பற்றியன.

துளியிடும் முறை

214ஆம் நெறிமுறையின்படி ஆய்வுக்கு எடுக்கப்படுவன நலமான, இளம்பருவத்துப் பணித்தேனீக்கள். கரியமில வாயுவோ நைட்ரஜனோ செலுத்தி அவற்றைச் சிறிதுநேரம் மயக்கமுறச் செய்வர். நஞ்சினை அசிட்டோன் போன்ற நீர்மத்திற் கரைத்து, நுண்ணளவுக் கருவியால் ஒவ்வொரு தேனீயின் நடுவுடலின் முதுகுப்புறத்தில் ஒரு மைக்ரோலிட்டர் துளி இடுவர். ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒரு கூண்டிற்குப் 10 தேனீக்கள். ஓர் அளவிற்குக் குறைந்தது 3 கூண்டுகள். குறைந்தது 5 அளவுகள். அதாவது 150 தேனீக்களேனும் நஞ்சு பெறும். நஞ்சில்லா நீர்மம் மட்டும் பெறும் ஒப்பீட்டுத் தேனீக்கள் வேறு. கூண்டுகள் இருளில், 25 பாகை வெப்பத்தில் வைக்கப்படும். உணவாகச் சர்க்கரைக் கரைசல் அளிக்கப்படும். 4, 24, 48 மணி நேரங்களில் இறந்தவை எண்ணப்படும். இறப்பு தொடர்ந்து ஏறுமாயின் ஆய்வு 96 மணி நேரம்வரை நீட்டிக்கப்படும்.

இம்முறையின் நேர்மை இரண்டு காவல்களில் அடங்கியுள்ளது. முதலாவது, ஒப்பீட்டுத் தேனீக்களில் 10 விழுக்காட்டுக்குமேல் இறந்தால் ஆய்வு முழுதும் தள்ளப்படும். இரண்டாவது, டைமெத்தோயேட் என்னும் நன்கறியப்பட்ட நஞ்சும் உடன் சோதிக்கப்படும். அதன் பாதிக் கொல்லளவு 24 மணி நேரத்தில் ஒரு தேனீக்கு 0.10 முதல் 0.30 மைக்ரோகிராமுக்குள் அமையவேண்டும். அமையாவிடின் தேனீக்களிலோ கையாண்டவர் திறத்திலோ குறையுளது என்பது பொருள். தராசை நிறுக்குமுன் படிக்கல்லைச் சரிபார்க்கும் வணிகனின் செயலை இஃது ஒக்கும். 0.20 மைக்ரோகிராம் எத்துணைச் சிறிது என்பதை ஒரு கணக்கு விளக்கும்: ஒரு கிராம் டைமெத்தோயேட்டை அவ்வளவினவாகப் பகுத்தால் 50 இலட்சம் தேனீக்களுக்குப் பங்கிடலாம்.

இவ்வாறு பெற்ற எண் வயலுக்குச் செல்லவேண்டும். ஒரு ஹெக்டர் நிலத்திற்குத் தெளிக்கப்படும் நஞ்சின் கிராம் எடையை, ஒரு தேனீக்குரிய பாதிக் கொல்லளவின் மைக்ரோகிராமால் வகுப்பர். ஈவு 50க்குக் குறைந்தால் இடர் குறைவு எனவும், மிஞ்சினால் மேலும் ஆராய்க எனவும் ஐரோப்பிய நெறி வகுத்தது. ஹெக்டருக்கு 400 கிராம் தெளிக்கப்படும் இரு நஞ்சுகளுள் ஒன்றன் கொல்லளவு 20 மைக்ரோகிராம் எனின் ஈவு 20. மற்றொன்றன் கொல்லளவு 0.2 எனின் ஈவு 2,000. தொடக்கப்பள்ளிக் கணக்கால் இரண்டின் வேற்றுமையும் தெளிவாகிறது.

எண் காணாதவை

இத்துணைச் செம்மையாக அமைந்த ஆய்வு எந்த வினாவிற்கு விடை தருகிறது? ஒரே ஒரு நஞ்சு, ஒரே முறை, வளர்ந்த ஒரு தேனீயின் முதுகிற்பட்டால், இரண்டொரு நாளில் பாதித் தேனீக்களைக் கொல்லும் அளவு எது என்பதே அவ்வினா. அதற்கு ஆய்வு தரும் விடை மெய்யானது. கேளாத வினாக்களுக்கும் அதனிடமே விடை கிடைத்துவிட்டதாகக் கருதியபோதுதான் இழப்புகள் நேர்ந்தன.

1950களின் இறுதியில் கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லி பரவலாயிற்று. அதன் தூளைச் சுமந்த தேனீ உடனே மடியாமல் கூடு திரும்பி, மகரந்தத்தோடு நஞ்சையும் சேமித்தது. வெளியே பறந்த தேனீக்களோடு கூட்டினுள் இருந்தவையும் மடிந்தன. அமெரிக்காவில் இழப்பு மிகப் பெருகவே, 1967ஆம் ஆண்டு முதல் தம் பிழையின்றிப் பூச்சிக்கொல்லியால் தேனீக்களை இழந்தோர்க்கு ஈடு செய்யும் திட்டத்திற்கு 1970ஆம் ஆண்டின் வேளாண்மைச் சட்டம் வழிசெய்தது.

1974இல் மீத்தைல் பாரத்தியானை நுண்ணிய உறைகளுள் அடைத்து விற்கும் முறை வந்தது. வயலில் உழைக்கும் மனிதர்க்கு நஞ்சு படாதிருக்க வேண்டும் என்பது அதன் நல்ல நோக்கம். அவ்வுறைகளோ மகரந்தத் துகளின் பருமனை ஒத்திருந்தன. தேனீக்கள் அவற்றை மகரந்தத்தோடு சேர்த்துக் கூட்டிற்குக் கொண்டுசென்றன. அடையில் இருந்த நஞ்சு நெடுநாள் வீரியம் குன்றாமல் நின்றது. 48 மணி நேரம் எண்ணும் ஆய்வு, மாதக்கணக்கில் காத்திருக்கும் நஞ்சை எவ்வாறு காணும்?

1990களில் நியோனிக்கோட்டினாய்டு என்னும் புதிய நஞ்சினம் தோன்றிற்று. அவ்வினத்து இமிடாகுளோப்ரிட் விதையின்மீதே பூசப்பட்டுச் செடி முழுதும் ஊடுருவிப் பூந்தேனிலும் மகரந்தத்திலும் சென்று கலந்தது. துளி தெளிக்கும் வேலையே இல்லாத இடத்தில், துளி விழுவதை நினைத்து வகுத்த ஈவுக்கணக்கு பொருளற்றுப் போயிற்று. பிரான்சில் 1994இல் சூரியகாந்தி விதைகளுக்கு இது பூசப்படலாயிற்று. வயலுக்குச் சென்ற தேனீக்கள் திசை தடுமாறுகின்றன, கூடு திரும்புவதில்லை என்று தேனீ வளர்ப்போர் முறையிட்டனர். நெடிய வாதத்திற்குப்பின் 1999இல் அரசு சூரியகாந்தி விதைக்கு அதன் பயன்பாட்டை நிறுத்திவைத்தது.

கொல்லாத அளவும் கேடு செய்யுமா என்னும் வினா இதனால் எழுந்தது. 2012இல் பிரெஞ்சு அறிஞர் குழுவொன்று இதற்கு விடை தேடிற்று. தேனீக்களின் முதுகில் நுண்ணிய மின்னணு அடையாளச் சில்லுகளை ஒட்டி, கொல்லும் அளவிற்குக் குறைந்த தயாமெத்தோக்சாமை ஊட்டி, கூட்டிலிருந்து தொலைவில் விட்டது. நஞ்சுண்ட தேனீக்களில் கூடு திரும்பாதவை மிகுதியாயிருந்தன. கூண்டில் அடைத்து எண்ணியிருந்தால் அவை ‘பிழைத்தவை’ என்றே கணக்கிடப்பட்டிருக்கும். கூடு திரும்ப இயலாத தேனீ, தன் குடும்பத்தைப் பொறுத்தவரை இறந்ததே.

நஞ்சுகள் ஒன்றோடொன்று கூடும்போது நிகழ்வதும் நோக்கத்தக்கது. அசிட்டாமிப்ரிட் என்னும் பூச்சிக்கொல்லியின் தொடு கொல்லளவு ஒரு தேனீக்கு ஏறத்தாழ 7 மைக்ரோகிராம். நடுத்தர வகையைச் சேர்ந்தது. 2004இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பயிரின் பூசண நோய்க்குத் தெளிக்கப்படும் புரோப்பிகொனசோல் என்னும் மருந்தோடு சேர்ந்தபோது அதன் நச்சுத்தன்மை 105 மடங்கும், டிரைஃப்ளூமிசோலோடு சேர்ந்தபோது 244 மடங்கும் உயர்ந்தது. நஞ்சை உடைத்து வெளியேற்றும் தேனீயின் உடலாற்றலை அம்மருந்துகள் தடுத்ததே இதற்குக் காரணம். வயலில் உழவன் ஒன்றைமட்டும் தெளிப்பதில்லை. ஆய்வுக்கூடமோ ஒவ்வொன்றையும் தனித்தே நிறுத்திப் பார்த்தது.

ரைன் பள்ளத்தாக்கு புகட்டிய பாடம்

2008ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஜெர்மனியின் பாடன்–வுர்ட்டம்பர்க் மாநிலத்தில், ரைன் ஆற்றை ஒட்டிய பகுதியில், 11,000க்கும் மேற்பட்ட தேனீக் குடும்பங்கள் பாதிப்புற்றன. மக்காச்சோள விதைகளின்மீது பூசப்பட்ட குளோத்தியானிடின் சரியாக ஒட்டாமல் உதிர்ந்தது. காற்றழுத்தத்தால் இயங்கும் விதைப்பு இயந்திரங்கள் அத்தூளை வெளியே ஊதின. அருகே பூத்திருந்த பயிர்களிலும் மரங்களிலும் தூள் படிந்தது. அங்கே சென்ற தேனீக்கள் மடிந்தன.

குளோத்தியானிடின் தேனீக்கு மிகக் கொடியது என்பது முன்பே தெரிந்திருந்தது. அதன் தொடு கொல்லளவு ஒரு மைக்ரோகிராமில் நூற்றில் சில பங்கே. துளியிடும் ஆய்வு தன் கடமையைச் செவ்வனே செய்து, எச்சரிக்கையையும் தந்திருந்தது. மண்ணுக்குள் புதையும் விதையிலிருந்து தேனீயின்மீது நஞ்சு படுமென எண்ணாததே தவறாயிற்று. எண் சரியாயிருந்தும், எங்கே, எவ்வழியாக என்னும் வினா முழுமையாகக் கேட்கப்படாமையால் பேரிழப்பு நேர்ந்தது.

இத்தகைய பட்டறிவு நெறிமுறைகளை விரிவடையச் செய்தது. தேனீயின் புழுக்களுக்கான ஆய்வுநெறி 2013இலும், 10 நாள்கள் தொடர்ந்து நஞ்சூட்டிப் பார்க்கும் நெறி 2017இலும் ஏற்கப்பட்டன. அதே 2017இல் உருண்டுதிரண்ட உடலையுடைய பம்பிள் தேனீக்கும் தனி நெறிமுறைகள் வகுக்கப்பட்டன. இமிடாகுளோப்ரிட், குளோத்தியானிடின், தயாமெத்தோக்சாம் ஆகிய மூன்றின் பயன்பாட்டை 2013இல் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியம், 2018இல் அவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்துவதையே தடைசெய்தது. 214ஆம் நெறிமுறை ஆராய்வதோ ஐரோப்பியத் தேனீ என்னும் ஓரினத்தையே. மலேசியக் காடுகளின் துவாலாங் மரங்களில் அடைகட்டும் மலைத்தேனீக்கும், இந்நாட்டார் வளர்க்கும் கெலுலுட் என்னும் கொட்டாத் தேனீக்கும் உடலளவும் வாழ்முறையும் வேறு. ஓர் இனத்திற் கண்ட எண்ணை மற்றோர் இனத்தின்மீது அப்படியே ஏற்றுதல் பொருந்தாது.

முடிவாக நோக்குமிடத்து, தேனீயின் முதுகில் இடப்படும் அந்த ஒரு துளி இன்றும் தேவையானதே. நஞ்சுகளை ஒரே தராசில் நிறுத்து, கொடியது எது, தணிந்தது எது என்று அது காட்டிற்று. உழவனுக்கு மாற்று வழியையும், அரசுக்குச் சட்டத்தின் அடிப்படையையும் தந்தது. ஆயின், இவ்வரலாறு நெடுகிலும் ஓர் உண்மை புலனாகிறது. பூத்த மரத்தடியில் இறந்த தேனீக்களை முதலிற் கண்டவர் தேனீ வளர்ப்போர். சூரியகாந்தி வயலிலிருந்து தேனீ திரும்பவில்லை என்று முதலிற் சொன்னவரும் அவரே. அவர்தம் சொல்லை ஆராய ஏற்ற வினாவை ஆய்வுக்கூடம் வகுத்துக்கொள்ளும்வரை, இழப்பு அவர்கள் தலையிலேயே விழுந்தது. எண்ணைக் கையிலெடுக்கும் எவரும், எந்தக் கேள்விக்கு இந்த எண் விடையாயிற்று, எந்தக் கேள்வி இன்னும் கேட்கப்படவில்லை என்று வினவப் பழகவேண்டும். வகுப்பறையில் மாணவர்க்கு அப்பழக்கத்தை ஊட்டும் ஆசிரியர், கணக்கைக் கற்பிப்பதோடு அதைப் பயன்படுத்தும் பொறுப்பையும் கற்பித்தவராவார்.